கணப்பு மூட்டாத வீடு

செண்பகனூரில் சாயங்காலம் மூடுபனி இறங்கினால் எல்லா வீட்டிலும் முதல் வேலை கதவைச் சாத்துவது. அடுத்த வேலை கணப்புச்சட்டியில் கரியைப் போட்டு ஊதுவது. எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது. கதவு திறந்திருக்கும். சன்னல் திறந்திருக்கும். நெருப்பு என்ற பேச்சே இருக்காது. ரோட்டில் போகிற பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பேட்டரி வீட்டுக்காரிக்கு ரத்தம் சூடு என்று ஊரில் ஒரு கேலி இருந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். எனக்கும் குளிரத்தான் செய்தது. ஆனால் அதற்குக் காரணம் இருந்தது.

ரோட்டோரத்தில் நீளமான ஒரு தகரக் கூரைக் கட்டிடம். அதில்தான் வாடகைக்கு இருந்தோம். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிற இடம், இந்தப் பக்கம் நாங்கள் குடியிருக்கிற அறை. கட்டினவருக்குச் செங்கல் தீர்ந்துபோனதோ, ஆசை தீர்ந்துபோனதோ, சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பாமல் விட்டுவிட்டார். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அடுப்படி பின்னால் சரிவில், படி இறங்கிப் போகிற மாதிரி தனியாக இருந்தது. சோறு அங்கே பொங்கி, மூடி எடுத்துக்கொண்டு மேலே வருவேன். மழைக் காலத்தில் பாதி தூரத்திலேயே சோறு ஆறிவிடும்.

பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு காற்று வரும். கண்ணுக்குத் தெரியாது. ரொம்ப லேசான காற்று, நேரே மேலே போய்க் கூரைக்கடியில் தங்கிக்கொள்ளும். அதில் ஒரு பொறி பட்டால் போதும், பேட்டரி வெடித்து ஆசிட் தெறிக்கும். சுவர் மேலே திறந்து கிடந்ததால், அந்தப் பக்கத்துக் காற்று இந்தப் பக்கமும் வரும். ஆகவே இரண்டு பக்கமும் நெருப்பு கூடாது. சன்னல்களைச் சாத்தவும் கூடாது. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். மாதா கோயிலில் பூசைக்குப் பிந்திப் போனாலும் போவோம், இந்தச் சட்டத்தை மீறினது கிடையாது.

அவர் கல்யாணத்துக்கு முன்னால் வத்தலக்குண்டில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு ஆள் முகத்துக்கு நேரே பேட்டரி வெடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னார். அதற்கப்புறம் நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஆனால் சுவிட்சில் கை வைக்கும்போதெல்லாம் அந்த ஆள் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்று எனக்குத் தோன்றும். முதலில் கிளிப்பை மாட்டி, அப்புறம்தான் சுவிட்சைப் போடுவார். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் கிளிப்பில் கை வைப்பார். மாற்றிச் செய்தால் கிளிப்பில் பொறி அடிக்கும்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்புதான் என்றாலும் பார்த்துப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது. பேட்டரி வந்ததும் மூடிகளைத் திறப்பேன். முனையில் பூத்திருக்கிற பச்சைப் பூவைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவுவேன். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில் வாட்டர் ஊற்றுவேன், தகடு முழுகுகிற அளவுக்கு மட்டும். நிறைய ஊற்றினால் கொதிக்கும்போது வழிந்துவிடும். ஆசிட் கலக்குவது மட்டும் அவர் வேலை. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. என் சேலை ஒன்றுகூட முழுசாக இருந்ததில்லை. எங்கெங்கே சொட்டு விழுந்ததோ அங்கங்கே துவைக்கும்போது ஓட்டை விழும்.

பேட்டரி எல்லாம் ஒரே குணம் இல்லை. லாரி பேட்டரிக்கு நிறையக் கரண்டு வேண்டும், பொறுமையாக உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் பேட்டரி சின்னது, அதற்கு அதே கரண்டைக் கொடுத்தால் சூடு ஏறித் தகடு வளைந்துபோகும். ஏரிப் பக்கம் படம் பிடிக்கிறவர்கள் ஃபிளாஷ் லைட்டுக்குள் போடுகிற குட்டி செல்களைக் கொண்டுவருவார்கள். அதில் மூடியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதை எங்கள் பெரிய சார்ஜரில் மாட்டவே கூடாது, அதற்கென்று வந்த சின்னப் பெட்டியில்தான் போட வேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வேறொரு மாதிரி பேட்டரி வரும், அதில் ஆசிட் கிடையாது, காரம். அதற்குத் தனிப் புனல், தனிக் குப்பி, தனி மூலை. ஆசிட் பட்ட புனலை அதில் வைத்தால் அந்தப் பேட்டரி செத்துப்போகும்.

டிரைவர்களோடுதான் எனக்குத் தினம் சண்டை. ஒரு காய்கறி லாரி டிரைவர், எப்போதும் வாயில் பீடியோடு வாசற்படியில் ஏறப் பார்ப்பார்.

"ஏலே, பீடியப் போட்டுட்டு ஏறு. இல்லன்னா அங்கனயே நில்லு."

"என்னக்கா, ஒரு பீடிக்கு வீடு பறந்துருமா?"

"வீடு பறக்காது. ஒம் மீசதான் பறக்கும். பொறவு ஒம் பொண்டாட்டி எங்கிட்ட வந்து மீசையக் கேப்பா."

மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பீடியைக் காலில் போட்டு மிதிப்பார். இத்தனை வருஷத்தில் எங்கள் கடையில் ஒரு பேட்டரி வெடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அந்தக் குளிர் வீட்டில்தான் வளர்ந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, காலைப் போர்வைக்குள் நீட்டிக்கொண்டு படிப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் சன்னல் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பாள். காற்றில் சன்னல் சாத்தியிருந்தால் திறந்து கொக்கியை மாட்டிவிட்டுத்தான் பையை வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் அப்பா செய்வதைப் பார்த்து வந்தது. பேட்டரியில் சார்ஜ் நிறைந்ததும் உள்ளே தண்ணீர் பொரியும், சோறு தளதளக்கிற மாதிரி ஒரு சத்தம். படுத்திருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு, "அப்பா, ரெண்டாவது பேட்டரி வெந்துருச்சு" என்பாள். அவர் எழுந்து போய்ப் பார்ப்பார். வெந்துதான் இருக்கும். அப்பாவும் மகளும் சிரித்துக்கொள்வார்கள். அவர் சிரிப்பது அபூர்வம். அவளிடம்தான் சிரிப்பார்.

பண்ணைக்காட்டில் மாப்பிள்ளை அமைந்தது. காப்பித் தோட்டம், வாழை, மிளகு என்று கௌரவமான குடும்பம். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்கள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன மதினி, வந்தவகளுக்கு ஒரு கணப்புகூட இல்லையா?"

என் வீட்டுக்காரர் காரணத்தைச் சொன்னார். அந்தம்மா காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரில் இந்தக் குளிரும் இல்லை, இந்தப் பேட்டரியும் இல்லை, உங்கள் மகள் அங்கே வந்து வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்றாள். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. என் மகளுக்கு என் வீட்டில் என்ன குறைந்துபோனது என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து நாங்கள் போய் அழைத்து வந்தோம். கணக்குப்படி தை மாதக் கடைசியில்தான் பிரசவம். அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுவது. பேட்டரிகளையெல்லாம் கொடுத்து அனுப்பிவிடுவது. கதவு சன்னல்களைத் திறந்து போட்டு ஒரு வாரம் வீட்டைக் காற்றாட விடுவது. அதற்கப்புறம் தாயும் பிள்ளையும் இருக்கிறவரைக்கும் அந்தப் பக்கம் சுவிட்சே போடுவதில்லை.

ஒரு நாள் வத்தலக்குண்டு போனவர் சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். அவிழ்த்தால் கணப்புச்சட்டி. புத்தம் புதிது, இரும்பில் கால் வைத்தது. மகள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, நீங்களா வாங்குனீங்க?"

"எனக்கு ஒண்ணும் வாங்கல. எம் பேத்திக்கு."

பேத்தி என்று அவராக முடிவு செய்துகொண்டார். சட்டியை மறுபடியும் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் போகிற தபால்காரரிடம்கூடச் சொன்னாள்.

பிள்ளை தைக்குக் காத்திருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே ஒரு மத்தியானம் வலி எடுத்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பேத்திதான். ரொம்பச் சின்னது. சிஸ்டர் பஞ்சில் சுற்றி, சுடுதண்ணீர்ப் பைகளுக்கு நடுவில் வைத்தார்கள். அவசரத்துக்கு அவர்களே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். பிள்ளை தேறிவிட்டது. பால் குடித்தது. ஆனால் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, பிறவியிலேயே ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி தெரிகிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன கோளாறு என்று மனசு அதை ஏற்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பண்ணைக்காட்டிலிருந்து சம்பந்தியம்மாவும் வந்திருந்தாள். பிள்ளையைத் தன் ஊருக்கே தூக்கிப் போய்விடலாம், அங்கே குளிர் குறைவு, இந்த மார்கழியில் செண்பகனூரில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் என் மகள் சொன்னாள்.

"நான் எங்க வீட்டுக்குத்தான் போவேன் அத்தை. அப்பா கணப்புச்சட்டி வாங்கி வச்சிருக்காரு."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு மறுத்துப் பேச வரும்? சம்பந்தியம்மாவும் சரி என்று கூடவே ஜீப்பில் ஏறினாள்.

கிறிஸ்துமஸ் நேரம் என்றால் எங்கள் கடைக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். கூக்கால் மாதிரி மேல்மலை ஊர்களிலிருந்து கோயில் மைக் செட் பேட்டரிகள் வந்து குவியும். பாட்டுக் குழுவுக்கு, குடிலில் போடுகிற விளக்குக்கு, எல்லாவற்றுக்கும் பேட்டரிதான். பலகை முழுக்க வரிசையாக மூடி திறந்து உட்கார்ந்திருக்கும். பிள்ளை வீட்டுக்கு வருகிற செய்தி அவருக்கு அன்றைக்குக் காலையில்தான் போய்ச் சேர்ந்தது. உடனே எல்லாச் சுவிட்சையும் அணைத்திருக்கிறார். ஆனால் சுவிட்சை அணைத்ததும் பேட்டரி அடங்கிவிடாது. கொஞ்ச நேரம் உள்ளே பொரிந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு முன்னால் ராப்பகலாக வெளியே வந்த காற்று கூரைக்கடியில் எங்கெங்கே ஒதுங்கியிருக்கிறதோ யாருக்குத் தெரியும். அவர் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைச் சாக்கும் தகரமும் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போது ஏணிமேல் நின்றார்.

அன்றைக்குப் பார்த்து மூடுபனி சீக்கிரமே இறங்கிவிட்டது. எதிர் வீடு தெரியவில்லை. திறந்த சன்னல் வழியாகப் பனி அறைக்குள்ளேயே வந்து நின்றது. சம்பந்தியம்மா பிள்ளையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, மதினி, முதலில் சன்னலைச் சாத்தி அந்தச் சட்டியில் நெருப்பைப் போடுங்கள் என்றாள். நான் பரணைப் பார்த்தேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து அறை வாசலில் நின்றார்.

"இன்னைக்கு வேண்டாம். ஒரு ராத்திரி பொறுத்துக்கங்க. காத்தெல்லாம் வெளிய போகட்டும். நாளைக்கு வெள்ளனே நானே மூட்டித் தாரேன்."

"பச்சப்புள்ளைக்கு ஒரு ராத்திரின்னா என்னன்னு தெரியுமாண்ணே?"

"தெரியும்மா. நெருப்புப் புடிச்சுச்சுன்னா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல. குளிருன்னா நாம அணைச்சுக் காப்பாத்திரலாம்."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கை நடுங்கினது. அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள்தான் பேசினாள்.

"அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும். விடுங்கத்தை."

அதோடு பேச்சு முடிந்தது. அடுப்படியில் ஒரே புகை, ஒரு ஆள் படுக்கவும் இடம் கிடையாது, பிள்ளையை அங்கே வைக்க முடியாது. நான் அடுப்படிக்கும் அறைக்குமாக ஓடினேன். தண்ணீர் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றி, கம்பளித் துணியில் சுற்றிப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். ஆறின குப்பியை எடுத்துப் போய்ச் சூடான குப்பியைக் கொண்டுவந்தேன். மகளும் சம்பந்தியம்மாவும் நானும் பிள்ளையை மாற்றி மாற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டோம். அவர் வெளியே வாசலில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார், யாரும் விளக்கோ பீடியோ கொண்டுவந்துவிடாமல் காவல் இருக்கிறவர் மாதிரி. பிள்ளை நன்றாகத்தான் தூங்கினது. விடிந்தபோது கன்னம் சிவந்து, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. சொன்ன வார்த்தைப்படி அவர் பரணிலிருந்து சட்டியை இறக்கினார். வெளியிலேயே வைத்துக் கரியை மூட்டி, புகை அடங்கிக் கங்கு கனிந்த பிறகு இரண்டு கையாலும் தூக்கி வந்து கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார். எங்கள் வீட்டில் நெருப்பு எரிந்த முதல் நாள் அதுதான். மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

சில நாள் கழித்துப் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. மூச்சு வெரசாக வாங்கினது. உதடு கறுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினோம். அவர்கள் செய்வதெல்லாம் செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போதே பிள்ளை போய்விட்டது.

டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துத்தான் சொன்னார். இது இதயத்தில் இருந்த கோளாறு. பிறக்கும்போதே இருந்தது. குளிரால் வந்ததில்லை. எந்த வீட்டில் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். சம்பந்தியம்மா நம்பவில்லை. டாக்டர் பெரியவங்க, நாலும் சொல்வாங்க, அந்த ராத்திரி அந்த வீட்டில் இருந்தது நான் என்று மட்டும் சொன்னாள். அந்தம்மாவைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவளும் என்னோடு சேர்ந்து அந்தப் பிள்ளையை நெஞ்சில் வைத்திருந்தவள்தானே.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த மகள் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். மாப்பிள்ளை ஜீப் கொண்டுவந்திருந்தார். அப்பா வாசலில் நிற்கிறார். இவள் அவரைத் தாண்டிப் போகிறாள், குனிந்த தலை நிமிரவில்லை. சன்னல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொக்கியைக்கூட மாட்டாமல் போனாள்.

அடுத்த நாள் கூக்காலிலிருந்து மைக் செட் பேட்டரியை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். விஷயம் தெரிந்து துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பேட்டரி வேண்டாம், பாட்டு இல்லாமலே பூசை நடக்கட்டும் என்று அதில் பெரியவர் ஒருவர் சொன்னார். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. பேட்டரியைத் துடைத்து, மூடிகளை இறுக்கி, தானே தூக்கிப்போய் ஜீப்பில் வைத்தார்.

கட்டிடத்துக்குச் சொந்தக்காரரிடம் பக்கத்து மேட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொள்கிறோம் என்று நாங்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். மண் சரியும், மரம் சாயும் என்று ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவார். துக்கம் கேட்க வந்த அந்தச் சொந்தக்காரர் என்ன பேசுவதென்று திண்டாடிப்போய், அந்தக் கொட்டகையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். போட்டோம். பேட்டரியெல்லாம் அங்கே போய்விட்டது. வீட்டுக்குள் இனி நெருப்பு வைக்கலாம், கதவைச் சாத்தலாம். யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

அவர் தினமும் சாயங்காலம் கணப்பு மூட்டினார். மூட்டி அறையில் வைத்துவிட்டு, தான் மட்டும் மேலே கொட்டகையில் போய் அந்தக் குளிரில் உட்கார்ந்துகொள்வார். "சோலி கெடக்கு" என்பார். சுவிட்ச் போட்டுவிட்டால் பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாதா. வற்புறுத்திக் கூட்டிவந்து கணப்புக்கு முன்னால் உட்கார வைத்தால், கையை நீட்ட மாட்டார். மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார்.

மகளுக்கு மறுபடியும் ஒரு பெண் குழந்தை பண்ணைக்காட்டிலேயே பிறந்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காப்பி, பலகாரம், எல்லாம். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் பேசவே இல்லை. தட்டை வைக்கும்போதும் தரையைப் பார்த்துத்தான் வைத்தாள். அவர் குழந்தையைக் கையில் வாங்கி, ஆசிட் பட்டுத் தழும்பேறின விரலால் அதன் உள்ளங்காலைத் தொட்டுவிட்டுக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எம் மேல கோவம் தீராது, என்னா?"

தீரும் என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கென்ன தெரியும்.

பொங்கலுக்கு வா, லீவுக்கு வா என்று ஆள்விட்டுச் சொல்லுவோம். காப்பி பறிப்பு என்பாள், குழந்தைக்குச் சளி என்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் நியாயமான காரணம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைக்காட்டுப் பக்கத்து பஸ் வருகிற நேரம் அவர் கொட்டகையிலிருந்து இறங்கி வந்து கணப்பை முன்னாலேயே மூட்டிவிடுவார். பஸ் நின்று ஆட்கள் இறங்குவதைப் பார்ப்பார். பஸ் போனதும் மேலே ஏறிப் போய்விடுவார். டவுனில் லாட்ஜ்களில் எமர்ஜென்சி லைட் வந்தது, அதற்குள் வேறு மாதிரி பேட்டரி, அதையும் கற்றுக்கொண்டார். வேலை நிற்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி இருமல்தான் நிற்கவில்லை. மலையை விட்டுக் கீழே குளிரில்லாத ஊருக்குப் போனால் நல்லது என்று டாக்டர் சொன்னார். மகள் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும் என்று இவர் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் மூச்சு முட்டி, அதே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

மகள் வந்தாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் அதற்குப் பள்ளிக்கூடம் போகிற வயசாகிவிட்டது. அடக்கத்தன்று அவள் கல் மாதிரி நின்றாள். அழுகிற பெண்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் அவள்மேல் வருத்தம்தான். உயிரோடு இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கலாமே என்று உள்ளே கொதித்தது. துக்க வீட்டில் வாயைத் திறக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு ஒரு சாயங்காலம். பேட்டரிகளையெல்லாம் அதற்குள் சொந்தக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பனி இறங்கினது. குழந்தைக்குக் குளிரும் என்று நான் சன்னலைச் சாத்தி, அவர் வாங்கின அதே சட்டியில் கரியை மூட்டி நடுவில் வைத்தேன். குழந்தை கையை நீட்டிக் குளிர்காய்ந்தது. மகள் பின்னாலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் துணியைக் கீழே வைக்கவில்லை. நேரே போய்ச் சன்னல் கொக்கியைத் தொட்டாள். கதவைத் தள்ளித் திறந்து கொக்கியை மாட்டினாள். பனி உள்ளே வந்தது.

"பேட்டரியெல்லாம் போயிருச்சுடி. சாத்து, புள்ளைக்குக் குளிரும்."

"இருக்கட்டும்மா. நெருப்பு இருக்குல்ல. அப்பா திட்டுவாரு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கை கொக்கியிலேயே இருந்தது. நான் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அவர்மேல் இத்தனை வருஷம் அப்படியென்ன கோபம், அவர் என்ன வேண்டுமென்றா செய்தார் என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன பேசுகிறேன் என்றே அவளுக்கு விளங்காத மாதிரி இருந்தது முகம்.

"அப்பா மேல எனக்கென்னம்மா கோவம்? அத்த அன்னைக்கி எம் புள்ளைக்காகத்தான கேட்டாக. அப்பா கை நடுங்குச்சு, பாத்தேன். நான் ஒரு வார்த்த, புள்ளைக்குக் கணப்பு வேணும்னு சொல்லியிருந்தா, எங்கள அந்த ஜீப்புலயே பண்ணைக்காட்டுக்கு அனுப்பியிருப்பாரு. நான்தான் விடுங்கன்னு சொன்னேன். சொன்ன வாயோட அவரு முன்னால எப்பிடி வந்து நிப்பேன்?"

குழந்தை கணப்பை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா சொன்னதை நான் மறுபடியும் சொன்னேன். எந்த வீட்டில் இருந்திருந்தாலும் இதுதான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். என் வீட்டுக்காரரும் இப்படித்தான், நம்பாமலே தலையை ஆட்டுவார். அவர் அங்கே கொட்டகையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மகள் தன்னைக் குற்றவாளியாக நினைக்கிறாள் என்று. இவள் அங்கே காப்பித் தோட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், தான்தான் குற்றவாளி என்று. நடுவில் ஒரே ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஏறி வந்து இந்த ஒரு பேச்சைச் சொல்லியிருந்தால் அவர் கையை நீட்டிக் குளிர்காய்ந்திருப்பார். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன. அவர் பஸ்ஸில் கேட்டதையும் சொல்லவில்லை.

அவள் அப்போதுதான் அழுதாள். சன்னல் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. எனக்குக் கட்டிப் பிடித்துத் தேற்றத் தெரியவில்லை. நான் எழுந்து போய், எதிர்ச் சுவரில் இருந்த இன்னொரு சன்னலையும் திறந்து கொக்கியை மாட்டினேன். பிறகு வந்து, குழந்தையை என் சேலைத் தலைப்புக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.